பிற்பகலில் எடுத்த ரத்தம்

ஒரு நோயாளிக்கு நடந்துகொண்டிருந்த கதிர்வீச்சுச் சிகிச்சை பாதியில் நின்றுபோக நான் காரணமாக இருந்தேன். மருத்துவர் என்னிடம் ஓர் எண்ணைக் கேட்டார். சொன்னேன். அந்த எண் பொய்யாக இருக்கக்கூடும் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஆய்வகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களாக இருப்பீர்கள். உங்கள் நன்மைக்காக எழுதுகிறேன் என்றால் அது பாதி உண்மை. மற்றவர் தவறுகளைப் பற்றி வகுப்பெடுத்தே பணிக்காலத்தை ஓட்டியவன் நான். என்னுடையதை ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும் என்பது மீதிப் பாதி.

1. நாங்கள் தேடியது

நான் பகுப்பாய்வு வேதியியல் படித்தவன். ஊர் கும்பகோணம் பக்கம். ஹைதராபாத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்து வந்து, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட்டேன். நகரின் மேற்கே மென்பொருள் நிறுவனங்கள் எழுந்துகொண்டிருந்த காலம். காலனிப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பஸ் ஏறுவார்கள். நான் எதிர்ப்பக்கம் பஸ் ஏறுவேன்.

என் கருவி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஒரு துளி பிளாஸ்மா கொடுத்தால், அதில் கரைந்திருக்கும் நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை எடை பார்த்து, எது எவ்வளவு என்று சொல்லும். ஒரு புற்றுநோய் மருத்துவமனையோடு சேர்ந்து எங்களுக்கு ஒரு திட்டம் கிடைத்தது. மார்புக்குள் கட்டி உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது பக்கத்திலுள்ள நுரையீரலிலும் கொஞ்சம் படும். பெரும்பாலோருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் நுரையீரலில் அழற்சி உண்டாகி, வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வரும். நாளாவட்டத்தில் அந்த இடம் தழும்பாக இறுகிவிடும். எக்ஸ்ரேயில் தெரியும்போது காரியம் பாதி கெட்டிருக்கும். அதற்கு முன்பே ரத்தம் ஏதாவது சொல்லுமா என்று நாங்கள் தேடினோம்.

சொன்னது போலத்தான் இருந்தது. ஆர்ஜினின், ஆர்னித்தின் என்று இரண்டு அமினோ அமிலங்கள். இருமலும் இளைப்புமாக வந்தவர்களின் ரத்தத்தில் முன்னது குறைந்து பின்னது ஏறியிருந்தது. பின்னதை முன்னதால் வகுத்து வந்த எண்ணை எங்கள் 'மார்க்கர்', அதாவது நோயின் அடையாளம், என்று வைத்துக்கொண்டோம். காரணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆர்னித்தினிலிருந்து புரோலின், புரோலினிலிருந்து கொலாஜன், கொலாஜனிலிருந்து தழும்பு. கரும்பலகையில் ஒரே வரியில் எழுதிவிடலாம். அப்படி ஒரே வரியில் எழுத முடிந்ததே எங்களை மயக்கிவிட்டது.

திட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர் ஸ்ரீலதா. வாரங்கல்லில் இருந்து வந்த கெட்டிக்காரப் பெண். மருத்துவமனைத் தரப்பில் டாக்டர் பானுமதி. கோயம்புத்தூர்க்காரர். கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மூத்த மருத்துவர். கூட்டத்தில் எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், இது மட்டும் நிசமாயிருந்தா எனக்குப் பாதித் தலைவலி போயிருமுங்க" என்றார். அன்று நான் பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

2. என்னுடைய குழாய்

ரத்தம் எங்களிடம் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனை நகரின் ஒரு கோடியில், ஆய்வகம் மறுகோடியில். காலையில் எங்கள் வண்டி ஐஸ் பெட்டியோடு அங்கே போய் நிற்கும். கதிர்வீச்சுக்கு வரிசையில் இருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, அங்கேயே சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, சிவப்பணுக்களைக் கீழே தள்ளி, மேலே தெளியும் பிளாஸ்மாவைப் பிரித்து எடுத்து வருவோம். இதை உடனுக்குடன் செய்ய வேண்டும் என்பது விதி.

இருமல், இளைப்பு என்று சொல்பவர்களை டாக்டர் பானுமதி காலையில் பார்க்க மாட்டார். அவர்களுக்கு நேரம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று பிற்பகல் ரிவ்யூவுக்கு வரச்சொல்வார். நல்ல மருத்துவர் அப்படித்தான் செய்வார். ஆனால் அதற்குள் எங்கள் வண்டி திரும்பியிருக்கும். சென்ட்ரிஃப்யூஜ் இருந்த அறை பூட்டியிருக்கும். அவர்களின் ரத்தக் குழாய்கள் நர்ஸ் மேஜையில் ஒரு தட்டில் நின்று, வண்டி மறுபடி வரும்போது ஏறி வரும். குழாயில் நோயாளி எண்ணும் தேதியும் எழுதினோம். நேரம் எழுதவில்லை. தேதி போதும் என்று நினைத்தது யார் என்று கேட்டால், எல்லோரும்தான். முதல் ஆள் நான்.

கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, நோயில்லாத ஒருவரின் பிளாஸ்மாவை இடையிடையே ஓட்டுவது வழக்கம். அநேகமாக என் ரத்தம்தான் போகும். ஒருநாள் டிஸ்பென்சரியில் ரத்தம் எடுத்துக் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வாசலிலேயே மடக்கிவிட்டார்கள். பக்கத்துப் பிரிவில் ஒருவருக்குப் பணிநிறைவு விருந்து. பிரியாணி, பேச்சுகள், சால்வை. முடிந்து வந்த பிறகுதான் பையில் குழாய் இருப்பது நினைவுக்கு வந்தது. இருந்தாலும் என்ன என்று சுற்றி ஓட்டினேன்.

மறுநாள் விடையைப் பார்த்தபோது, எங்கள் கணக்குப்படி எனக்கு நுரையீரல் கெட ஆரம்பித்திருந்தது.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. சிவப்பணுக்களுக்குள் ஆர்ஜினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. குழாய் காத்துக் கிடந்தால் அணுக்கள் உடைந்து அது வெளியே கசியும். கசிந்தால் ஆர்ஜினினை வெட்டி ஆர்னித்தினாக மாற்றும். இது நான் படிக்காத வேதியியல் அல்ல. மறுபடி என் ரத்தத்தையே இரண்டு குழாய்களில் எடுத்து, ஒன்றை உடனே சுற்றினேன், மற்றதை வேண்டுமென்றே மேஜையில் நிற்கவிட்டேன். முதல் குழாயில் நான் நலமாக இருந்தேன். இரண்டாவதில் நோயாளி.

அன்று மாலை ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்தேன். நலமாக இருந்தவர்களின் ரத்தம் காலையில் எடுத்தது. நலிந்தவர்களின் ரத்தம் பிற்பகலில் எடுத்தது. நுரையீரல் கெட்டதை நாங்கள் அளக்கவில்லை. குழாய் காத்திருந்ததை அளந்திருந்தோம்.

முற்றிலும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது என்றும் எனக்குள் ஒரு குரல் சொன்னது. காலையில் ரத்தம் கொடுத்த நோயாளிகளிலும் ஓரிருவருக்கு எண் சற்றுக் கூடத்தான் இருந்தது. அந்த ஓரிருவரை நான் இறுகப் பற்றிக்கொண்டேன். இதைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரை ஓர் ஆய்வுப் பத்திரிகையில் ஏற்கப்பட்டு அச்சுக்குப் போயிருந்தது. மறுவாரம் திட்டத்தை நீட்டிப்பதற்கான கூட்டம். ஸ்ரீலதாவின் ஆய்வேட்டில் பாதி இதுதான். எங்கள் துறைத் தலைவரிடம் சுற்றிவளைத்து, "சாம்பிள் கையாளும் முறையில் ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலேயே, "சின்னதுதானே? செகண்ட் ஃபேஸ்ல பாத்துக்கலாம்யா. மீட்டிங்ல போய் இதை அவுத்து விட்டுறாத" என்றார்.

அவர் மேல் பழி போட மாட்டேன். 'சின்ன' என்ற சொல்லை அவர் வாயில் வைத்தவன் நான்.

3. டாக்டர் பானுமதியின் அழைப்பு

நோயாளியின் பெயர் தேவசகாயம். அவருடைய அப்பா காலத்தில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கே லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்த குடும்பம். அவரும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று, மெட்டுகுடாவில் ஒரு சந்தில் மகளோடு இருந்தார். உணவுக்குழாயில் கட்டி. கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்து நடந்தன. நான் எப்போதாவது வண்டியோடு மருத்துவமனைக்குப் போவேன். முதல்முறை என்னைப் பார்த்தபோதே, ஹைதராபாத் இந்தி கலந்த தமிழில் கேட்டார்:

"நீங்கதானா சார் அந்த ரத்தக் கடை? கைக்கு, எதுக்கு சார் வாரா வாரம்? எங்க மூட்டைப்பூச்சி கூட அளவாத்தான் குடிக்கும்."

"ஒரு ஸ்பூன்தான் சார் எடுக்கிறோம்."

"ஹவ், ஹவ், சரிதான். ஸ்பூன் ஸ்பூனாத்தான் எல்லாம் போகும். எடுங்க. கரண்ட் வைக்கிறவங்க ஒரு பக்கம், கறக்கிறவங்க ஒரு பக்கம்."

கதிர்வீச்சை நம் மக்கள் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். கரண்ட் வைத்தார்கள், இன்னும் பத்து கரண்ட் பாக்கி இருக்கிறது என்று. அவர் அதற்கு ஒரு நாள்கூடத் தவறியதில்லை. மகள் ஷீலா மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்து, அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவாள். அவர் தமிழில் கேட்பார், அவள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வாள். இருவருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

சிகிச்சையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்தபோது அவருக்கு வறட்டு இருமலும் லேசான காய்ச்சலும் வந்தன. பிற்பகல் ரிவ்யூவுக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள். வழக்கம்போல அது எங்களிடம் மாலையில் வந்து சேர்ந்தது. மறுநாள் ஓட்டினோம். அதற்கும் அடுத்த நாள் டாக்டர் பானுமதி என்னைக் கூப்பிட்டார்.

"வெங்கடேசன் சாருங்களா? நம்ம தேவசகாயத்துக்கு ஸ்கேன் பார்த்தனுங்க. ஒரு நெழல் மாதிரி தெரியுது. தொத்தா, இல்ல நம்ம குடுத்த ரேடியேஷனாலயான்னு சொல்ல முடியலீங்க. உங்க மார்க்கர் என்ன சொல்லுது?"

ஆய்வு எண்களைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தக் கூடாது. நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கும்போது அப்படித்தான் சொல்லியிருந்தோம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இருட்டில் தடவிக்கொண்டிருப்பவருக்கு யாரோ ஒருவர் கையில் விளக்கு இருப்பதாகத் தோன்றினால் கேட்கத்தான் செய்வார். அந்த விளக்கை வரைபடம் போட்டுக் காட்டியவன் நான்.

கம்ப்யூட்டரில் எண் எதிரே இருந்தது. "கூடத்தான் இருக்கு டாக்டர்" என்றேன்.

"ரொம்பவுங்களா?"

"மத்தவங்களுக்கு வந்த அளவுக்கு இருக்கு."

"அப்ப நிறுத்திட்டு ஸ்டீராய்டு ஆரம்பிச்சரட்டுங்களா? உங்களுக்கு என்ன தோணுது?"

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். 'இந்த ரத்தம் மேஜையில் காத்துக் கிடந்தது. இந்த எண்ணை நம்பாதீர்கள்' என்று. இரண்டு வாக்கியம். நான் சொன்னது வேறு:

"அது உங்க கிளினிக்கல் டெசிஷன், டாக்டர். நான் என்ன சொல்றது?"

அடக்கமாகப் பேசுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். கதிர்வீச்சை நிறுத்தினார். ஸ்டீராய்டு கொடுத்தார். கூடவே ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார். இருமல் சீக்கிரமே அடங்கிவிட்டது. அது சாதாரணத் தொற்றாகவே இருந்திருக்கலாம் என்பதற்கு அந்தச் சீக்கிரமே ஓர் அறிகுறி. அது என் கண்ணில் பட்டது. ஆனால் இதற்குள் இடைவெளி நீண்டுவிட்டது. ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறிக் கிடந்தது. மிச்சமிருந்த கரண்டை வைப்பதில் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள்.

திட்ட அறிக்கையில் தேவசகாயத்தை 'மார்க்கர் உதவியால் முன்கூட்டியே கண்டுகொள்ளப்பட்ட நோயாளி' என்று எழுதினோம். அந்த வரியைத் திருத்தி மெருகேற்றியதும் நான்தான். திட்டம் நீட்டிக்கப்பட்டது.

4. மெட்டுகுடா

அடுத்த ஆண்டு ஒரு கூட்டத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் பானுமதி பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "நம்ம தேவசகாயத்துக்கு மறுபடி வந்துருச்சுங்க. அதே எடத்துல. பாவம், ஒரு வாய் தண்ணி எறங்கறதில்லை."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அடுத்த சில நாட்கள் எனக்கு நானே பேசிப் பார்த்தேன். முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கட்டி திரும்பி வருவதுண்டு. அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பதும் உண்மை.

பிறகு மருத்துவமனைக்குப் போய், அவர் அறையில் கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்த குழாய் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர் கேட்டார்:

"நான் போன் பண்ணப்பவே உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

"தெரியும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சந்தேகம் இருந்துச்சா, தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

மேஜை மேல் இருந்த பேனாவைத் திருகித் திருகி மூடினார். "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்திருப்பனுங்க. சளியை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஒரு எண்ணு கெடச்சதும் அதைப் புடிச்சுட்டுத் தொங்குனது என் தப்பு. அதை நான் அவருகிட்டப் போயி சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேண்டியதை நீங்க போயி சொல்லுங்க. என்கூட வர வேண்டாமுங்க."

நான் எழுந்தபோது, "சாம்பிள் இனிமே இங்கிருந்து வராதுங்க" என்றார்.

மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி அவர்கள் வீடு. ஷீலா கதவைத் திறந்தாள். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள் போல, அடையாள அட்டை கழுத்திலேயே கிடந்தது. கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார் தேவசகாயம். மூக்கில் உணவு செலுத்தும் குழாய். குரல் கரகரத்துப் போயிருந்தது.

"வாங்க சார். கடையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டீங்களா? நக்கோ சார், வேண்டாம், இங்க சரக்கு தீர்ந்துபோச்சு."

உட்காரச் சொன்னார். உட்காராமலேயே சொன்னேன். பேராசிரியர் மாதிரி பேசாமல், எளிமையாகச் சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். உங்கள் ரத்தம் மேஜையில் காத்திருந்தது. காத்திருந்தால் அந்த எண் தானாகவே ஏறும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் டாக்டரிடம் சொல்லவில்லை. அதை நம்பித்தான் அவர் கரண்டை நிறுத்தினார்.

அவர் தலையணையில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அன்னிக்கு என் நுரையீரல் நல்லாத்தான் இருந்துச்சா?"

"அநேகமா நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அடப் பாவி" என்றார் மெல்ல. "அதுக்குப் பயந்து பீடியை வேற விட்டேனே." சிரிக்கப் போய் இருமினார். இருமல் நின்றதும், "முழுசா வச்சிருந்தா இது திரும்பி வந்திருக்காதா சார்?" என்றார். இப்போது குரலில் கேலி இல்லை.

"அது எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. வராமல் இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்று திரும்பச் சொன்னார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பவில்லை. அதுவரை கதவருகே நின்றிருந்த ஷீலா என்னை வெளியே அழைத்துப் போனாள். அவள் தமிழில் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அன்று தேடித் தேடிப் பேசினாள்.

"அங்கிள், ஒன் மினிட். நான் டெஸ்டிங்ல இருக்கேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங். உங்க மெஷின்ல பக் இருக்கு, ஒரு தப்பு. அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ரிலீஸ் பண்ணீங்க. அந்தே கதா, அவ்ளோதானே?"

"ஆமாம்மா."

"எங்க ஆபீஸ்ல பக் இல்லாம எதுவும் போகாது. எவரிபடி நோஸ். ஆனா நோன் இஷ்யூஸ், தெரிஞ்ச தப்பு இதெல்லாம்னு எழுதி கூடவே அனுப்பணும். கிளையண்ட் படிச்சுட்டு யூஸ் பண்ணுவான், இல்ல பண்ண மாட்டான். அது அவன் இஷ்டம். எழுதாம அனுப்பினா வேலை போயிடும் அங்கிள். வெறும் பில்லிங் சாஃப்ட்வேருக்கே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பேப்பர் இன்னும் நெட்ல இருக்கா?"

"இருக்கு."

"எவ்ளோ டாக்டர்ஸ் படிப்பாங்க?"

"எனக்குத் தெரியாதும்மா."

"அப்ப நீங்க டாடிகிட்ட மட்டும்தான் சாரி சொல்லியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

5. திரும்பப் பெற்றது

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதினேன். எழுதுவதற்கு முன் ஸ்ரீலதாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. தேவசகாயத்திடம் சொன்னதைவிட இது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார். "சார், என்னிடம் அன்றே சொல்லியிருந்தால் நான் அன்றே முதலிலிருந்து ஆரம்பித்திருப்பேனே, ஏன் சொல்லவில்லை?" உன் ஆய்வேட்டைக் காப்பாற்றத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் முழு உண்மையில்லை என்று தோன்றவே நிறுத்திக்கொண்டேன்.

துறைத் தலைவர், "ரிட்டயர் ஆகப் போற நேரத்துல உனக்கு ஏன்யா இந்த வேண்டாத வேலை? உன் பேர் மட்டுமா போகும்?" என்றார். பிழை தெரிந்தும் மறைத்தது நான் ஒருவன்தான், மற்றவர்களுக்குத் தெரியாது என்று கடிதத்தில் எழுதினேன். பத்திரிகையில் அறிவிப்பு அப்படியே வந்தது. திட்டம் மூடப்பட்டது. ஸ்ரீலதா ரத்தக் குழாய் காத்திருக்கக் காத்திருக்க எந்தெந்த மூலக்கூறு எப்படி மாறுகிறது என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு மறுபடி உழைத்தார். நல்ல வேலை அது. பலருக்குப் பயன்பட்டது. பட்டம் கிடைத்ததும், மருந்துப் பரிசோதனைத் தரவுகளைக் கையாளும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். ஆய்வகத்தில் இருக்கப் பிடிக்கவில்லை என்றார். அந்த இழப்பும் என் கணக்கில்தான் சேரும்.

அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே தேவசகாயம் இறந்துவிட்டார். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் அவரோடு வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள். நான் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். அறிவிப்பை ஷீலாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். 'பார்த்தேன்' என்று பதில் வந்தது. அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க எனக்கு நியாயமில்லை.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ரத்தம் எப்போது எடுத்தது, எவ்வளவு நேரம் எங்கே இருந்தது என்று தெரியாத எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அதன் குறையையும் சேர்த்தே கொடுங்கள். 'எனக்குத் தெரியாது' என்று ஓர் ஆய்வாளர் சொன்னால், கேட்ட மருத்துவர் வேறு வழி தேடுவார். தெரிந்த மாதிரி இருந்துவிட்டால் தேட மாட்டார். முடிவு உங்களுடையது என்று சொல்வது பல நேரம் பணிவல்ல, தப்பித்துக்கொள்வது.

திரும்பப் பெற்ற கட்டுரை செத்துப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அறிவிப்பைப் பார்க்காமல் அதை மேற்கோள் காட்டி எழுதுகிறவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர்களைத் தேடிப் பிடித்து எழுதுவதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டேன். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் பதில் போடவில்லை. என் கடிதங்களின் கீழே தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தேன்.

ஒருநாள் முற்பகலில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து ஓர் இளம் மருத்துவர் கூப்பிட்டார். கதிர்வீச்சுப் பிரிவில் இருப்பதாகச் சொன்னார்.

"சார், உங்க பழைய பேப்பரைப் பார்த்துட்டுத் தனியார் லேப்ல ஒருத்தருக்கு டெஸ்ட் எடுத்தேன். ஆர்னித்தின் எகிறிக் கிடக்கு. இருமலும் இருக்கு. நிறுத்தணும்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம்தான் என் நண்பன் தனக்கு வந்த உங்க கடிதத்தைக் காட்டினான். எது சார் சரி?"

"கடிதம்தான் சரி. அந்த எண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஏன் சார்?"

குழாய் காத்திருப்பதைப் பற்றிச் சொன்னேன். நான் மறைத்ததையும், அதனால் ஒருவருக்குச் சிகிச்சை நின்றதையும் சொன்னேன்.

"அப்ப நான் எதை வச்சு சார் முடிவு பண்றது?" குரலில் எரிச்சல் இருந்தது.

"எனக்குத் தெரியாது டாக்டர். தொற்று இருக்கான்னு பாருங்க. உங்க சீனியர்கிட்ட ஸ்கேனைக் காட்டுங்க. நான் நோயாளியைப் பார்க்கிறவன் இல்லை. என் எண்ணை நம்பி மட்டும் நிறுத்திடாதீங்க."

"அவரு வெளியதான் சார் உட்கார்ந்திருக்காரு. நிறுத்தறேன்னு சொல்லத்தான் கூப்பிட்டு வச்சிருக்கேன்."

போனை மேஜையில் வைத்துவிட்டார் போலும். துண்டிக்கவில்லை. கதவு திறப்பது கேட்டது. ஒரு பெயரைச் சொல்லி அழைத்தார். செருப்புச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், ஓர் இருமல். இன்னும் சில பரிசோதனைகள் பார்க்க வேண்டும், அதற்குள் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வயதான ஆண் குரல் ஒன்று கேட்டது:

"அப்ப நாளைக்குக் கரண்ட் உண்டா சார்?"

"உண்டு. வழக்கம்போல வாங்க."

நான் சத்தமில்லாமல் போனை வைத்தேன்.